மதில் வரி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது.
சுற்றுலாவின் முதல் அரைமணி நேரம்
சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணியே போனது.
ஐம்பத்தெட்டு என்றேன் நான்.
ஐம்பத்தொன்பது என்றான் தவுபீக்.
பஸ் இரண்டு கட்சியானது.

'பழங்கால இடிபாடுகள்' என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தார்கள்.
தூண், யானை, ஏதாவது ஒரு சிங்கம் என்று நினைத்திருந்தோம்.
ஒருத்தன் புதுத் தொப்பியே வாங்கியிருந்தான்.
பழைய ஜெயில் ரோட்டில் இறக்கி
பொற்கொடி டீச்சர் காட்டியது ஒரு சுவர்.
செங்கல். காரை உதிர்ந்த இடத்தில் அரசஞ்செடி.
கீழே பூட்டுப் போட்ட மீன்பாடி வண்டி.
"இதுக்கா நூத்தியிருவது ரூபா?"

டீச்சர் தாளைப் பார்த்துப் படித்தார்:
குதிரைப் படை வரும் என்று ஊரைச் சுற்றி மதில்.
மதில் கட்டிய செலவுக்கு ஊர்மேல் வரி.
வரி வசூலே ஆகவில்லையாம்.
தெருவுக்கு மட்டும் வால்டாக்ஸ் என்று பேர் நின்றுவிட்டது.

நடக்காத ஒன்றின் பேர்
இத்தனை காலம் நிற்குமா?
எனக்கு அடிவயிற்றில் இழுத்தது.

போன மாதம் மாணவர் தலைவர் தேர்தல்.
ஜெசிந்தா நின்றாள்.
பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள்;
அவள் வாக்குறுதி மொத்தமே அதுதான்.
வீட்டுப்பாடம் வரும் வகுப்பு குரூப்பில்
வியாழக்கிழமை ராத்திரி ஒரு குரல் பதிவு.
கொடுங்கையூர் பசங்க பக்கத்துல உக்காந்தா
குப்ப நாத்தம் அடிக்குது என்கிறாள்.
அவள் குரல்தான். நடுவில் வரும் அந்த இருமல்கூட.
பதினொரு விநாடி.
நாலாவது விநாடியில் நான் அனுப்பிவிட்டேன்,
மூன்று குரூப்புக்கு.
எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அந்த மேடுதான்.
மிச்சம் ஏழு விநாடி
என் கோபத்துக்குத் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாம் முறைப்படி நடந்தது.
ஓட்டை போட்ட ஷூ டப்பா, விரலில் மார்க்கர் மை,
வராந்தாவில் வரிசை.
கள்ள ஓட்டு இல்லை. பெட்டியை யாரும் தூக்கவில்லை.
நாற்பத்து மூன்று ஓட்டில் தோற்றாள்.

திங்கட்கிழமை தெரிந்தது,
எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன்
ஏதோ ஆப்பில் செய்த குரல். சும்மா செய்தானாம்.
மறுப்பையும் அதே குரூப்பில் போட்டார் டீச்சர்.
அதற்குள் எங்களுக்கு வேறு வீடியோ வந்திருந்தது.
பேர் மட்டும் நின்றுவிட்டது.
அவளை இன்னமும் 'குப்பை' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எதிர்ச்சுவரில், வெள்ளையடித்ததற்கு அடியில்,
ஒரு கட்சியின் பேர் பாதி தெரிந்தது.
பக்கத்தில் அம்புக்குறி, 'ஒதுக்கப்பட்டது' என்ற சொல்.
ஏணி போட்டு, தெருவே பார்க்க,
டீக்கடையிலிருந்து எவரோ "எழுத்து கோணுதுபா" என்று கத்த
ஒருவர் எழுதியிருப்பார்.
பொய்யாகவே இருந்திருக்கலாம்.
ஆனால் ஏணி இருந்தது.
ஏணிமேல் ஒரு முதுகு இருந்தது.

மதில்மேல் பூங்காவாம். படியேறினோம்.
தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள்.
ஜெசிந்தா கேட்டாள்:
"டீச்சர், இதுல எது உள்ளே, எது வெளியே?"
டீச்சர் தெற்கே கைகாட்டினார். அது உள்ளே.
வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை,
அதற்கும் அப்பால் எங்கள் மேடு.
"அப்ப நாம எல்லாருமே வெளியவா?"
எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.
நான் அந்த 'நாம'வுக்குள் நிற்கலாமா என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.

போனை என்னிடம் நீட்டினாள். "ஒரு போட்டோ எடு."
எடுத்தேன். கை ஆடி முதல் படம் கலங்கிவிட்டது.
திருப்பி வாங்கும்போது சாதாரணமாகச் சொன்னாள்:
"யார் யார் அனுப்பினாங்கன்னு எண்ணினேன்.
நீ பதினாலாவது."
அப்புறம், "பெட்டி அம்பத்தொம்போது.
நீ கடைசி வரைக்கும் பாக்கல."

திரும்பும்போதும் கேட் மூடியிருந்தது.
தவுபீக் முப்பதிலேயே கத்த ஆரம்பித்தான்.
கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு
வளைவில் மறையும்வரை
நான் வாயைத் திறக்கவில்லை.